கம்பெனி ஆயிலா, வெளி ஆயிலா? காருக்கு ஊற்றுபவை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கார் கம்பெனியின் பெயர் போட்டு வரும் கேனை இங்கே கம்பெனி ஆயில் என்று சொல்கிறேன். ஆயில் நிறுவனங்கள் தங்கள் சொந்தப் பெயரில் விற்பது வெளி ஆயில். எஞ்சின் ஆயில் மட்டுமல்ல, கியர் ஆயில், கூலண்ட், பிரேக் ஆயில் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் பேசுகிறேன்.

கம்பெனி ஆயிலைக் கார் கம்பெனியே தயாரிக்கிறதா?

இல்லை. கார் கம்பெனிக்குச் சுத்திகரிப்பு ஆலை கிடையாது. ஆயில் நிறுவனத்திடம் "எங்களுக்கு இப்படி வேண்டும்" என்று சொல்லிச் செய்து வாங்கி, தன் லேபிளை ஒட்டுகிறது. பிஎம்டபிள்யூவின் எஞ்சின் ஆயிலைப் பல ஆண்டுகள் காஸ்ட்ரால் கொடுத்தது. 2015இல் அந்த வேலை ஷெல் கைக்குப் போனது. காரும் எஞ்சினும் அதேதான், கேனில் இருந்த பெயரும் அதேதான். உள்ளே ஊற்றியவர்தான் மாறினார். மாற்றம் நடந்ததையே கவனிக்காத ஓனர்கள்தான் அதிகம் இருந்திருப்பார்கள்.

அப்படியென்றால் அதே சரக்கு வெளியிலும் கிடைக்குமே?

சில சமயம் கிடைக்கும், சில சமயம் கிடைக்காது. ஒரே ஆலையில் நிரப்பப்படுவதால் இரண்டும் ஒன்றாகிவிடாது. ஒரே சமையலறையில் ரசமும் வைக்கலாம், பாயசமும் வைக்கலாம் அல்லவா? யார் நிரப்பினார் என்பதைவிட, எந்தத் தர எண்ணுக்கு நிரப்பினார் என்பதே கேள்வி.

கார் திரவங்களில் இரண்டு வகைத் தரங்கள் உண்டு. ஒன்று திறந்த தரம். சோதனை முறை, எல்லை அளவு எல்லாம் வெளியில் தெரியும். எந்த நிறுவனமும் அதற்கு ஏற்பத் தயாரித்து, சோதித்து, முத்திரை வாங்கலாம். இன்னொன்று மூடிய தரம். கார் கம்பெனியும் அதற்குச் சப்ளை செய்பவரும் மட்டும் அறிந்தது. திறந்த தரம் உள்ள இடத்தில் தாராளமாக வெளி ஆயில் வாங்குங்கள். மூடிய தரம் உள்ள இடத்தில் கம்பெனிப் பெயருக்குக் காசு கொடுப்பதில் அர்த்தம் இருக்கிறது. கீழே வரும் பதில்கள் பெரும்பாலும் எது எந்தப் பக்கம் என்று பிரித்துப் பார்ப்பதுதான்.

லேபிளில் எதைப் பார்க்க வேண்டும்?

முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின்பக்கம் திருப்புங்கள். முன்பக்கம் விளம்பரம். பின்பக்கத்துப் பொடி எழுத்தில்தான் விஷயம் இருக்கிறது. அதிலும் மூன்று விதமாக எழுதுவார்கள், மூன்றுக்கும் எடை வேறு.

"அங்கீகரிக்கப்பட்டது" என்று கார் கம்பெனியின் எண்ணோடு போட்டிருந்தால், கம்பெனி அந்தச் சரக்கின் சோதனை முடிவுகளைப் பார்த்து ஒப்புதல் கொடுத்திருக்கிறது என்று பொருள். மெர்சிடிஸ் தான் ஒப்புக்கொண்ட ஆயில்களின் பட்டியலை எண்வாரியாக இணையத்தில் வைத்திருக்கிறது. 229.5, 229.52 என்று தேடினால் பெயர்கள் வரிசையாக வரும். ஜெனரல் மோட்டார்ஸின் எஞ்சின் ஆயில் முத்திரையான டெக்ஸோஸுக்கு உரிமம் வாங்க வேண்டும்.

"தரத்தை எட்டுகிறது" என்று இருந்தால், அது தயாரிப்பவரின் வாக்கு. நல்ல பெயருள்ள நிறுவனம் சொன்னால் நம்பலாம். ஆனால் மூன்றாவது ஆள் யாரும் சரிபார்க்கவில்லை.

"இந்த வண்டிகளுக்குப் பொருந்தும்", "இங்கெல்லாம் பயன்படுத்தப் பரிந்துரைக்கிறோம்" என்பது மூன்றாவது. இதுதான் வழுக்கல். பொருந்தும் என்று சொல்வதற்கு எந்தச் சோதனையும் கட்டாயமில்லை. நாற்பது தரங்களின் பெயரை ஒரே கேனில் அடுக்கியிருந்தால் எனக்கு நம்பிக்கை கூடுவதில்லை, குறைகிறது.

ஒரு விதிவிலக்கையும் சொல்ல வேண்டும். சில கார் கம்பெனிகள் சில திரவங்களுக்கு வெளியாருக்கு அங்கீகாரமே தருவதில்லை. டொயோட்டாவின் ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலான டபிள்யூஎஸ் அப்படித்தான். அந்த இடத்தில் வெளி ஆயில்காரர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் "பொருந்தும்" என்றுதான் எழுத முடியும். அதைக் குற்றம் என்று சொல்ல முடியாது, ஆனால் நம் முடிவு எதன் மேல் நிற்கிறது என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

எஞ்சின் ஆயிலுக்குக் கம்பெனிப் பெயர் அவசியமா?

பெரும்பாலான கார்களுக்கு அவசியமில்லை. திறந்த தரங்கள் நன்றாக வேரூன்றிய இடம் இது. ஓனர் மேனுவலில் இரண்டு அல்லது மூன்று விவரங்கள் இருக்கும். இருப்பவை எல்லாம் பொருந்தினால் போதும்.

முதலாவது கிரேடு. 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 என்று இருப்பது. டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் எழுத்து. அதற்கு முன்னால் உள்ள எண் குளிரில் ஆயில் எவ்வளவு சுலபமாக ஓடும் என்பதையும், பின்னால் உள்ள எண் எஞ்சின் சூடான பிறகு எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்பதையும் சொல்கிறது. இது கெட்டித்தன்மை மட்டும்தான். தரத்தைப் பற்றி இந்த எண் ஒன்றுமே சொல்லாது. "5டபிள்யூ-30 தானே, எல்லாம் ஒன்றுதான்" என்று வாங்குபவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

இரண்டாவது பொதுத் தரம். பெட்ரோல் எஞ்சின்களுக்கு அமெரிக்கன் பெட்ரோலியம் இன்ஸ்டிடியூட்டின் ஏபிஐ எழுத்துகள். எஸ்என், அதன்பின் 2020இல் எஸ்பி, 2025இல் எஸ்க்யூ. பொதுவாகப் புதிய எழுத்து பழையதன் வேலையையும் செய்யும். ஐரோப்பியக் கார்களில் ஏசிஇஏ (ஐரோப்பியக் கார் தயாரிப்பாளர் சங்கம்) என்று சி2, சி3, சி5 மாதிரி வரும். இங்கே எண் பெரிதாக இருப்பதால் உயர்ந்தது என்று அர்த்தமில்லை. சி2, சி3, சி5 மூன்றும் வேறு வேறு எஞ்சின்களுக்கு. சி3 ஆயில் கொதிநிலைச் சூட்டையும் தாண்டி அழுத்தத்தில் நசுங்கும்போதும் ஒரு கெட்டித்தன்மையைக் காக்க வேண்டும், குறைந்தபட்ச அளவு 3.5. சி5க்கு அது 2.6 முதல் 2.9 வரை. சி5 கேட்ட எஞ்சினில் சி3 ஊற்றினால் மைலேஜ் குறையும். சி3 கேட்ட எஞ்சினில் சி5 ஊற்றினால் பேரிங் தேயும் அபாயம் உண்டு.

மூன்றாவது கார் கம்பெனியின் சொந்த எண். ஃபோக்ஸ்வாகன் 504 00, பிஎம்டபிள்யூ லாங்லைஃப் 04 போன்றவை. மேனுவல் இப்படி ஓர் எண்ணைக் கேட்டால், அந்த எண்ணின் அங்கீகாரம் உள்ள வெளி ஆயிலைத் தேடுங்கள். நிறையவே கிடைக்கும். அது கிடைத்துவிட்டால் கம்பெனிக் கேனுக்கும் அதற்கும் நடைமுறையில் நீங்கள் உணரும் வித்தியாசம் எதுவும் இருக்காது.

சிறிய டர்போ பெட்ரோல் எஞ்சினுக்குத் தனிக் கவனம் வேண்டுமா?

வேண்டும். நேரடியாகச் சிலிண்டருக்குள் பெட்ரோல் பீய்ச்சும் சிறிய டர்போ எஞ்சின்களில், குறைந்த வேகத்தில் மேல் கியரில் அழுத்தி மிதிக்கும்போது, ஸ்பார்க் வருவதற்கு முன்பே எரிபொருள் தானாகப் பற்றிக்கொள்ளும் ஒரு கோளாறு உண்டு. பிஸ்டனையே உடைக்கும் அளவுக்குப் போகலாம். ஆயிலில் சுத்தம் செய்வதற்காகச் சேர்க்கும் கால்சியம் இதைத் தூண்டுகிறது என்று கண்டுபிடித்தார்கள். அதில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு மெக்னீசியம் சேர்த்தபோது குறைந்தது. ஏபிஐ தரங்களில், 2018இல் வந்த எஸ்என் பிளஸில்தான் இதற்கான சோதனை முதலில் நுழைந்தது. எஸ்பியிலும் இருக்கிறது. ஆகவே இந்த வகை எஞ்சினுக்குப் பழைய ஸ்டாக்கில் கிடக்கும் வெறும் எஸ்என் ஆயில் எவ்வளவு பெரிய பிராண்டாக இருந்தாலும் வேண்டாம். எஸ்பி போட்ட சாதாரண பிராண்ட் அதைவிட மேல்.

டீசல் காரில்?

புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் ஃபில்டர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சாம்பல் குறைந்த ஆயில்தான் ஊற்ற வேண்டும். கரி எரிந்து போய்விடும், ஆயிலின் உலோகச் சாம்பல் எரியாது. அது ஃபில்டருக்குள் சேர்ந்துகொண்டே போகும். சி3 ஆயிலில் சாம்பல் 0.8 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அதே ஏசிஇஏவின் ஏ3/பி4 வகையில் 1.6 வரை போகலாம். இரண்டும் 5டபிள்யூ-40 என்றே விற்கப்படும், கேனும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். ஃபில்டரின் விலையோ ஆயில் விலையைப் போலப் பல மடங்கு.

"ஃபுல்லி சிந்தெடிக்" என்று போட்டிருந்தால் நல்லதுதானே?

நல்லதாக இருக்கலாம். ஆனால் அந்தச் சொல்லுக்கு நீங்கள் நினைக்கும் அளவு கறாரான அர்த்தம் எல்லா நாட்டிலும் கிடையாது. 1990களில் காஸ்ட்ரால் தன் சிந்தெடிக் ஆயிலின் அடிப்படை எண்ணெயை மாற்றியது. வேதியியல் முறையில் கட்டிச் செய்த எண்ணெய்க்குப் பதிலாக, கச்சா எண்ணெயிலிருந்தே மிகக் கடுமையாகச் சுத்திகரித்து எடுத்ததைப் பயன்படுத்தியது. இது சிந்தெடிக்கே இல்லை என்று மொபில் புகார் கொடுத்தது. 1999இல் அமெரிக்க விளம்பரக் கண்காணிப்புக் குழு காஸ்ட்ரால் பக்கம் சொன்னது. அதிலிருந்து இரண்டு வகையும் சிந்தெடிக் என்ற பெயரில் விற்கப்படுகின்றன. ஜெர்மனியில் "முழு சிந்தெடிக்" என்று எழுத இன்னும் கட்டுப்பாடு உண்டு. இதைச் சொல்வது காஸ்ட்ராலைக் குறை கூற அல்ல. கடுமையாகச் சுத்திகரித்த எண்ணெய் உண்மையிலேயே நன்றாக வேலை செய்கிறது. சொல்லைப் பார்க்காமல் தர எண்ணைப் பாருங்கள் என்பதற்காகச் சொன்னேன்.

ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸுக்கு எல்லாவற்றுக்கும் ஒன்று என்று விற்கிறார்களே?

எனக்கு இதில்தான் தயக்கம் அதிகம். எஞ்சின் ஆயிலின் முக்கிய வேலை உராய்வைக் குறைப்பது. ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலுக்கு அதோடு, தேவையான இடத்தில் தேவையான அளவு உராய்வைக் கொடுக்கும் வேலையும் உண்டு. கிளட்ச் தட்டுகள் அந்த ஆயிலில் மூழ்கியபடியே பிடிக்கின்றன. எவ்வளவு வேகத்தில் பிடிக்க வேண்டும், எப்போது மெல்ல நழுவ வேண்டும் என்பதெல்லாம் அந்தத் தட்டின் பொருளையும் ஆயிலின் சேர்க்கைப் பொருளையும் சேர்த்து வைத்துத்தான் கணக்கிட்டிருப்பார்கள். கொஞ்சம் மாறினாலும், சீரான வேகத்தில் போகும்போது கரடுமுரடான சாலையில் ஓடுவதுபோல ஒரு நடுக்கம் வரும். அது ஊற்றிய அன்றே வருவதில்லை, சில ஆயிரம் கிலோமீட்டர் கழித்துத் தலைகாட்டும். அதனால்தான் "நான் ஊற்றினேன், நன்றாகத்தானே ஓடுகிறது" என்ற சாட்சியத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

இதிலும் திறந்த தரம் உண்டு. ஜெனரல் மோட்டார்ஸின் டெக்ஸ்ரான் 6 நல்ல உதாரணம். 2005இல் வந்தது, உரிம எண்ணோடு பல பிராண்டுகளில் கிடைக்கும். உரிமம் உள்ளதை வாங்கினால் கவலையில்லை. ஆனால் டெக்ஸ்ரான் 3க்கான உரிமங்கள் 2006இலேயே முடிந்துவிட்டன. அதனால் இன்று டெக்ஸ்ரான் 3 என்று விற்கப்படுவதற்குப் பின்னால் ஜெனரல் மோட்டார்ஸின் சோதனை எதுவும் இல்லை.

கியர் பாக்ஸைச் செய்தவர் யார் என்று தெரிந்தால் நடுவழி ஒன்றும் இருக்கிறது. பல ஐரோப்பியக் கார்களில் இருப்பது இசட்எஃப் நிறுவனத்தின் கியர் பாக்ஸ். அவர்களே லைஃப்கார்டு என்ற பெயரில் ஆயில் விற்கிறார்கள். கார் கம்பெனிப் பெட்டியில் வராவிட்டாலும், கியர் பாக்ஸைச் செய்தவரே கொடுப்பது என்பதால் அதை வெளி ஆயில் என்று ஒதுக்கத் தேவையில்லை.

சிவிடி (தனித்தனிக் கியர் இல்லாமல் பெல்ட்டில் ஓடும் ஆட்டோமேட்டிக்)?

கம்பெனி ஆயில். அவ்வளவுதான்.

காரணம் கேட்டால், சிவிடியில் இரும்பு பெல்ட்டும் இரும்புக் கப்பியும் ஒன்றையொன்று வழுக்காமல் பிடிக்க வேண்டும், ஆனால் தேயவும் கூடாது. இந்த விந்தையான சமநிலையை ஆயில்தான் தருகிறது. நிஸானின் என்எஸ்-3, ஹோண்டாவின் எச்சிஎஃப்-2 என்று ஒவ்வொருவரும் தனித்தனியாக வைத்திருக்கிறார்கள். சாதாரண ஆட்டோமேட்டிக் ஆயிலை இதில் ஊற்றினால் பெல்ட் வழுக்கிக் கப்பியில் கோடு விழும். கோடு விழுந்த கப்பியை ஆயில் மாற்றிச் சரிசெய்ய முடியாது.

கியர் ஆயிலை ஆயுள் முழுக்க மாற்ற வேண்டாம் என்று மேனுவலில் இருக்கிறதே?

யாருடைய ஆயுள் என்று கேளுங்கள். சில கார் கம்பெனிகள் ஆயுள் முழுக்க என்று எழுதும் அதே கியர் பாக்ஸுக்கு, அதைச் செய்த இசட்எஃப் 80,000 முதல் 120,000 கிலோமீட்டருக்குள் ஆயிலை மாற்றச் சொல்கிறது. காரை நெடுநாள் வைத்திருக்க நினைப்பவர் யார் பேச்சைக் கேட்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. எந்தப் பிராண்ட் என்று மணிக்கணக்காக விவாதித்துவிட்டு மாற்றாமலே விடுவதைவிட, நேரத்துக்கு மாற்றுவது முக்கியம்.

மேனுவல் கியர் பாக்ஸுக்கு எந்தக் கியர் ஆயிலும் போதாதா?

நானும் அப்படி நினைத்தவன்தான். ஓனர் மேனுவலில் கியர் ஆயிலின் தர எண் ஜிஎல்-4 என்று இருந்தது, கையில் கிடைத்தது ஜிஎல்-5. ஐந்து நான்கைவிடப் பெரியது, நல்லதாகத்தான் இருக்கும் என்று ஊற்றினேன். மறுநாள் காலையில் முதல் கியரிலிருந்து இரண்டுக்கு மாற்றும்போது கர்ரென்று ஒரு சத்தம். வண்டி சூடான பிறகு குறைந்தது, ஆனால் போகவில்லை. கடைசியில் அதை வடித்துவிட்டு ஜிஎல்-4 ஊற்றினேன்.

என்ன நடந்தது என்றால், ஜிஎல்-5இல் கந்தகமும் பாஸ்பரசும் கலந்த அழுத்தம் தாங்கும் சேர்க்கை ஏறத்தாழ இரு மடங்கு. பின் அச்சின் டிஃபரன்ஷியலுக்கு அது தேவை. ஆனால் மேனுவல் கியரில் பல்சக்கரங்களின் வேகத்தைச் சமப்படுத்தும் பித்தளை வளையங்கள் உராய்வை நம்பி வேலை செய்கின்றன. ஆயில் அளவுக்கு மீறி வழுக்கினால் அவற்றால் பிடிக்க முடியாது. சில சேர்க்கைகள் பித்தளையையும் அரிக்கும்.

ஜிஎல்-4 கேட்டால் ஜிஎல்-4தான், அதை எந்த நல்ல பிராண்டிலும் வாங்கலாம். சில மேனுவல் கியர் பாக்ஸ்கள் ஆட்டோமேட்டிக் ஆயிலையே கேட்கும், சில கார் கம்பெனியின் தனி ஆயிலைக் கேட்கும். பழக்கத்தில் ஊற்றாமல் ஓனர் மேனுவலைத் திறந்து பாருங்கள்.

கூலண்ட்டில் பச்சைக்குப் பச்சை, சிவப்புக்குச் சிவப்பு ஊற்றினால் சரிதானே?

நிறத்தை வைத்துக் கூலண்ட் வாங்குவது சட்டையின் நிறத்தை வைத்து ஆளை அடையாளம் காண்பது மாதிரி. நிறம் வெறும் சாயம். யாரும் எந்தச் சாயத்தையும் கலக்கலாம். ஜெனரல் மோட்டார்ஸின் டெக்ஸ்கூல் ஆரஞ்சு நிறம். கிரைஸ்லர் ஒரு காலத்தில் பயன்படுத்திய கூலண்ட்டும் ஆரஞ்சுதான். உள்ளே இருக்கும் துரு எதிர்ப்பு வேதியியல் வேறு, கலக்கக் கூடாது.

தண்ணீர் கலக்காத கூலண்ட் பெரும்பாலானவற்றில் பெரும்பகுதி எத்திலீன் கிளைக்கால்தான். சண்டை எல்லாம் மீதிச் சில சதவீதத்தில். அதுதான் அலுமினியத்தையும் இரும்பையும் துருவிலிருந்து காக்கும் பொருள். பழைய வகை சிலிக்கேட்டை நம்பியது, சீக்கிரம் தீர்ந்துவிடும், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். பின்னால் வந்தது கரிம அமில வகை, நீண்ட நாள் தாங்கும். அதன்பின் இரண்டையும் கலந்தவை வந்தன. ஐரோப்பியர்கள் உப்புத் தண்ணீரோடு சேர்ந்து படிவு உண்டாகும் என்று பாஸ்பேட்டைத் தவிர்த்தார்கள். ஜப்பானியர்கள் தண்ணீர் பம்பின் சீல் தேயும் என்று சிலிக்கேட்டைத் தவிர்த்துப் பாஸ்பேட்டைச் சேர்த்தார்கள். அதனால் ஜப்பானியக் காருக்கான கூலண்ட்டும் ஐரோப்பியக் காருக்கானதும் நிறம் ஒத்துப்போனாலும் உறவு கிடையாது.

வெளிக் கூலண்ட் வாங்கலாமா என்றால், வாங்கலாம். ஐரோப்பியக் கார்களுக்குப் பிஏஎஸ்எஃப் நிறுவனம் உருவாக்கிய கிளைசாண்டின் போன்றவை ஜி48, ஜி40 என்ற எண்ணோடும் கார் கம்பெனிகளின் அங்கீகாரத்தோடும் கிடைக்கின்றன. ஜப்பானியக் கார்களுக்கும் பாஸ்பேட் கலந்த கரிம அமில வகை என்று தெளிவாக எழுதியவை உண்டு. ஆனால் "எல்லா நிறத்தோடும் கலக்கலாம்" என்று எழுதியிருப்பதை அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். டொயோட்டாவின் இளஞ்சிவப்புக் கூலண்ட்டுக்கு முதல் மாற்றம் 160,000 கிலோமீட்டரில்தான். அந்தக் கணக்கு அதே கூலண்ட் சுத்தமாக இருக்கும்வரைதான் செல்லும், இடையில் வேறொன்றைக் கலந்தால் செல்லாது.

கெட்டிக் கூலண்ட்டை அப்படியே ஊற்றினால் இன்னும் நன்றாகக் குளிருமா?

இல்லை, மோசமாகும். வெப்பத்தைச் சுமப்பதில் கிளைக்காலைவிடத் தண்ணீருக்குக் கெட்டிக்காரத்தனம் அதிகம். இன்னொரு வேடிக்கை, கலக்காத எத்திலீன் கிளைக்கால் மைனஸ் 13 டிகிரியிலேயே உறைந்துவிடும். பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்தால் மைனஸ் 37 வரை தாங்கும். கலக்கும் தண்ணீர் உப்பு நீக்கியதாக இருக்கட்டும். குழாய்த் தண்ணீரை ஊற்றிவிட்டு எந்தக் கம்பெனிக் கூலண்ட் வாங்கியும் பயனில்லை. கலந்தே வரும் கேனில் மேலும் தண்ணீர் சேர்க்காதீர்கள். இது இனிக்கும், விஷமும்கூட. குழந்தைகளுக்கும் நாய் பூனைக்கும் எட்டாத இடத்தில் வையுங்கள்.

பிரேக் ஆயில்?

கம்பெனிப் பெயர் தேவையே இல்லாத இடம் என்று இதைத்தான் முதலில் சொல்வேன். டாட் 3, டாட் 4, டாட் 5.1 எல்லாம் எண்ணோடு கட்டிய திறந்த தரங்கள். புதிதாக இருக்கும்போது குறைந்தபட்சக் கொதிநிலை டாட் 3க்கு 205 டிகிரி, டாட் 4க்கு 230, டாட் 5.1க்கு 260. ஈரம் 3.7 சதவீதம் ஏறிய பிறகு அவை முறையே 140, 155, 180 ஆக இறங்கும். பிரேக் சூட்டில் அந்த ஈரம் ஆவியாகிக் குமிழியானால் பெடல் பஞ்சுபோல அமுங்கும். ஆகவே பிராண்டைவிட இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவதும், சீல் உடைக்காத சின்ன பாட்டிலாக வாங்குவதும் முக்கியம். திறந்து வைத்து மாதக்கணக்கான பாட்டிலைத் தூக்கி எறியுங்கள், கம்பெனி பாட்டிலாகவே இருந்தாலும்.

இரண்டு எச்சரிக்கை. டாட் 5 என்பது சிலிக்கோன், 5.1 அல்ல. புள்ளி ஒன்றைக் கவனிக்காமல் மற்றவற்றோடு கலந்துவிடாதீர்கள். அப்புறம், நவீன ஏபிஎஸ், நிலைப்புக் கட்டுப்பாடு உள்ள சில கார்கள் மெல்லியதாக ஓடும் டாட் 4 கேட்கும். ஐஎஸ்ஓ 4925 கிளாஸ் 6 என்று அதில் எழுதியிருக்கும். வெறும் டாட் 4 போதாது.

ஸ்டீயரிங் ஆயில்?

புதிய கார்கள் பலவற்றில் ஸ்டீயரிங்குக்கு மின்மோட்டார்தான், ஆயிலே கிடையாது. இருப்பவற்றில் சில சிவப்பு ஆட்டோமேட்டிக் ஆயிலைக் கேட்கும், சில பச்சை நிறச் சிந்தெடிக் ஹைட்ராலிக் ஆயிலை, ஹோண்டா தன் சொந்தத்தை. மூடியில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு அதை வாங்குங்கள்.

ஆட்ப்ளூ, கண்ணாடித் தண்ணீர்?

ஆட்ப்ளூ என்பது டீசல் புகையைச் சுத்தம் செய்யத் தனி டேங்கில் ஊற்றும் திரவம்: 32.5 சதவீத யூரியா, மீதி சுத்தத் தண்ணீர். ஐஎஸ்ஓ 22241 என்று போட்டு, காலாவதி ஆகாமல், சீல் உடையாமல் இருந்தால் எந்தப் பெயரானாலும் ஒன்று. கண்ணாடித் தண்ணீருக்குக் கம்பெனிப் பெயர் பார்ப்பது வீண். பாத்திரம் கழுவும் சோப்பை மட்டும் கலக்க வேண்டாம், நுரை தள்ளும், பெயிண்டில் படியும்.

மின்சாரக் கார், ஹைபிரிட்?

திரவம் குறைவு, ஆனால் இருப்பவற்றில் விளையாட்டு வேண்டாம். ஏசி கம்ப்ரசரை உயர் மின்னழுத்த மோட்டார் ஓட்டுகிறது, அதன் சுருள்கள் ஏசி ஆயிலிலேயே நனைகின்றன. சாதாரணக் காரின் பிஏஜி ஏசி ஆயில் மின்சாரத்தைக் கடத்தும். சிறிதளவு கலந்தாலும் காப்பு கெட்டு, வண்டி ஆபத்து விளக்கைப் போட்டு நின்றுவிடலாம். இவற்றுக்குக் கடத்தாத பிஓஇ வகை வேண்டும். பேட்டரிக் கூலண்ட்டுக்கும் சில கார்கள் மின்கடத்தல் குறைந்த தனி வகையைக் கேட்கும். இங்கே கம்பெனி சொன்னதையே வாங்குங்கள்.

வெளி ஆயில் ஊற்றினால் வாரண்டி போய்விடுமா?

பிராண்டை வைத்து மறுப்பதற்குப் பல நாடுகளில் சட்டம் இடம் கொடுப்பதில்லை. அமெரிக்காவில் 1975ஆம் ஆண்டின் மேக்னசன்-மாஸ் சட்டம், இலவசமாகத் தராத ஒரு பிராண்டை வாரண்டிக்கு நிபந்தனையாக்குவதைத் தடுக்கிறது. ஆனால் சட்டம் தவறான தரத்துக்குக் காவல் நிற்காது. 0டபிள்யூ-20 எஸ்பி கேட்ட எஞ்சினில் வேறொன்றை ஊற்றியிருந்து, பழுதும் அதனால் வந்தது என்று காட்டிவிட்டால், யாரும் உங்கள் பக்கம் நிற்க மாட்டார்கள்.

வெளியில் மாற்றுபவர்கள் பில்லை வைத்திருங்கள். பில்லில் தேதி, கிலோமீட்டர், ஆயிலின் பெயர், தர எண் இருக்கட்டும். கேனின் பின்பக்கத்தை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். வாரண்டிக் காலத்தில் கியர் பாக்ஸைப் பொறுத்தவரை, சண்டைக்கு இடம் வைக்காமல் கம்பெனி ஆயிலையே ஊற்றுங்கள் என்பதுதான் என் யோசனை.

ஆயிலோடு சேர்த்து ஊற்றச் சொல்லித் தரும் சின்ன பாட்டில்?

தேவையில்லை. நல்ல ஆயிலில் சேர்க்கைப் பொருள்கள் அளந்து, ஒன்றோடொன்று ஒத்துப்போகிறதா என்று சோதித்து வருகின்றன. மேலும் கலந்தால் அந்தச் சோதனை செல்லாமல் போகிறது. பாட்டில் விற்றால் சர்வீஸ் பில் கூடும் என்பது மட்டும் நிச்சயம்.

போலியை எப்படிக் கண்டுபிடிப்பது?

போலிக்காரர்கள் அதிகம் விற்பனையாகும் பெயரைத்தான் நகலெடுப்பார்கள், அதில் கம்பெனிக் கேனும் சேர்த்தி. மூடியின் வளையம் உடையாமல் இருக்கிறதா, பேட்ச் எண் அச்சாகியிருக்கிறதா, கேனில் இருப்பதும் அட்டைப் பெட்டியில் இருப்பதும் ஒன்றா என்று பாருங்கள். மற்ற எல்லா இடத்தையும்விட ஒரே இடத்தில் மட்டும் பாதி விலையா? வேண்டாம். காலிக் கேனைக் குப்பையில் போடும்போது லேபிளைக் கிழித்துவிட்டுப் போடுங்கள். உங்கள் கேனே மறுபடி நிரம்பி வரலாம்.

தவறான திரவத்தை ஊற்றிவிட்டேன். இப்போது?

முதலில் ஸ்டார்ட் பண்ணாதீர்கள். சாவியையே தொடாதீர்கள்.

தவறான கிரேடு எஞ்சின் ஆயில் என்றால் பதற வேண்டாம், வடித்து மாற்றினால் போதும். கூலண்ட் மாறியிருந்தால் வடித்து, சுத்தத் தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசி, சரியானதை ஊற்றலாம். பிரேக் டப்பாவில் எஞ்சின் ஆயிலோ ஸ்டீயரிங் ஆயிலோ போயிருந்தால் கதை வேறு. பிரேக் ரப்பர்கள் பெட்ரோலியத்தில் ஊறி உப்பிவிடும். பெடலை ஒருமுறைகூட மிதிக்காமல் இழுத்துச் செல்லும் வண்டியைக் கூப்பிடுங்கள். மிதித்துவிட்டீர்கள் என்றால் அநேகமாக ரப்பர் உள்ள எல்லாப் பாகங்களையும் மாற்ற வேண்டியிருக்கும். ஆட்ப்ளூ டீசல் டேங்கில் போயிருந்தாலும் இதே கதைதான். இக்னிஷனைப் போட்டாலே பம்ப் அதை இன்ஜெக்டர்வரை தள்ளிவிடும். டேங்கோடு நின்றிருந்தால் டேங்கைக் கழற்றிச் சுத்தம் செய்வதோடு தப்பிக்கலாம்.

மெக்கானிக் வந்ததும் எதை, எவ்வளவு ஊற்றினீர்கள் என்று ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். கேனையும் கையில் வைத்திருங்கள், அவருக்கும் பின்பக்கத்தைத்தான் படிக்க வேண்டியிருக்கும்.